3 நாளில் விடும் காய்ச்சலுக்கு 14 நாள் மாத்திரை ஏன்?

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ஒருவருக்கு விட்டு விட்டுக் குளிர்காய்ச்சல் வந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்து மலேரியா என்று சொன்னால், பெரும்பாலும் அது வைவாக்ஸ் வகையாகத்தான் இருக்கும். கையில் இரண்டு மாத்திரை கொடுப்பார்கள். ஒன்று குளோரோகுவின், 3 நாள். இன்னொன்று பிரைமாகுவின், 14 நாள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ காய்ச்சல் விட்டுவிடும். வாய்க்கசப்பு போய், கஞ்சி இறங்கி, ஆள் எழுந்து வலை பார்க்கப் போய்விடுவார். "காச்சல்தான் விட்டுருச்சே, பெறகு எதுக்கு மாத்திரை?" என்று பிரைமாகுவின் அட்டை பாதியிலேயே அலமாரிக்குப் போய்விடும்.

ஒன்றரை மாதம் கழித்தோ ஆறு மாதம் கழித்தோ அதே குளிர், அதே நடுக்கம். "மறுபடியும் கொசு கடிச்சிருச்சு" என்பார்கள் வீட்டில். பல நேரம் புதிதாக எந்தக் கொசுவும் கடித்திருக்காது. பழைய கடியில் உள்ளே போன ஒட்டுண்ணி இத்தனை நாள் கல்லீரலில் அசையாமல் இருந்துவிட்டு இப்போது வெளியே வந்திருக்கும். எந்த நாளில் அது உடம்பில் எங்கே இருக்கிறது, அங்கே என்ன தின்கிறது என்று தெரிந்தால், அந்த மருந்துச் சீட்டின் ஒவ்வொரு வரிக்கும் காரணம் விளங்கிவிடும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை கொஞ்சம் நீளமாகப் போகிறது.

மலேரியாவை உண்டாக்குவது பாக்டீரியாவும் இல்லை, வைரஸும் இல்லை. பிளாஸ்மோடியம் என்ற ஒற்றைச் செல் உயிரி. மனிதரைப் பிடிப்பவை வைவாக்ஸ், ஃபால்சிபாரம், மலேரியே, ஓவேல், நோலசி என்ற 5 இனங்கள். தமிழ்நாட்டுக் கரையில் கவலைப்பட வேண்டியவை முதல் இரண்டும்தான். வைவாக்ஸ் திரும்பத் திரும்ப வந்து ஆளை உருக்கும். ஃபால்சிபாரம் சில நாட்களிலேயே உயிரை எடுக்கக்கூடியது.

கடிப்பது அனோபிலஸ் கொசுவின் பெண். முட்டை வளர அதற்கு ரத்தம் வேண்டும். தோலில் ஊசியை இறக்கியதும், ரத்தம் உறையாமல் இருக்க முதலில் எச்சிலை விடும். அந்த எச்சிலோடு ஊசி போன்ற நுண்ணுயிர்கள் இறங்கும். இவைதான் ஸ்போரோசோயிட்டுகள். ஒரு கடியில் போவது பெரும்பாலும் நூற்றுக்கும் குறைவு, பல நேரம் பத்து இருபதுதான். அவை நேராக ரத்தத்தில் விழுவதும் இல்லை. தோலுக்கடியில் விடப்பட்டு, நொடிக்கு ஒன்றிரண்டு மைக்ரான் வேகத்தில் வழுக்கி ஊர்ந்து, ஒரு நுண்ணிய ரத்தக் குழாயைத் தேடிப்பிடித்து உள்ளே நுழையும். கணிசமான பங்கு தோலிலேயே மடிந்துவிடும். தப்பியவை சில மணி நேரத்தில் கல்லீரலை அடைந்துவிடும்.

கல்லீரலை எப்படி அடையாளம் கண்டுகொள்கின்றன? ஸ்போரோசோயிட்டின் மேல்தோல் முழுக்க ஒரே வகைப் புரதம் போர்த்தியிருக்கும். கல்லீரல் செல்களின் மேல் அடர்த்தியாக இருக்கும் ஹெப்பரான் சல்ஃபேட் சர்க்கரைச் சங்கிலிகளில் அந்தப் புரதம் போய் ஒட்டும். குழந்தைகளுக்கான மலேரியா தடுப்பூசிகள் குறிவைப்பதும் ஃபால்சிபாரத்தின் இதே புரதத்தைத்தான். ஒட்டிய பிறகும் முதலில் கிடைத்த செல்லில் அது தங்குவதில்லை. நாலைந்து செல்களைத் துளைத்துக் கடந்து, பிறகு ஒன்றைத் தேர்ந்து, தன்னைச் சுற்றி ஒரு பை போல உறை அமைத்துக்கொண்டு குடியேறும்.

அங்கே வைவாக்ஸுக்கு இரண்டு வழி உண்டு. ஒரு பங்கு ஒட்டுண்ணிகள் உடனே பெருகத் தொடங்கும். சுமார் 8 நாளில் ஒரே கல்லீரல் செல்லுக்குள் மீரோசோயிட்டுகள் என்ற குஞ்சு ஒட்டுண்ணிகள் பத்தாயிரம் அளவுக்கு உருவாகிவிடும். ஃபால்சிபாரம் இதை ஆறேழு நாளில் முடித்து, அதைவிடவும் அதிகமாகப் பெருகும். இந்த நாட்களில் ஆளுக்கு ஒன்றும் தெரியாது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தாலும் ஒன்றும் தட்டுப்படாது, ஏனென்றால் ரத்தத்தில் இன்னும் ஒட்டுண்ணியே இல்லை. நேற்று ராத்திரி கொசு கடித்தது, இன்று காய்ச்சல் என்று வருபவருக்கு நேற்றைய கடியால் மலேரியா வந்திருக்க முடியாது. கடித்து இரண்டு வாரம் வாக்கில்தான் முதல் காய்ச்சல் வரும்.

மற்றொரு பங்கு, செல்லுக்குள் போனதும் சிறிய உருண்டையாகச் சுருங்கி வளர்ச்சியை நிறுத்திவிடும். இதுதான் ஹிப்னோசோயிட். வைவாக்ஸிலும் ஓவேலிலும் இது உண்டு. ஃபால்சிபாரத்தில் கிடையாது. வெப்பநாட்டு வைவாக்ஸ் வகைகளில் இந்த உருண்டைகள் மூன்று நான்கு வாரத்திலேயே விழித்துக்கொள்ளக்கூடியவை. குளிர்நாட்டு வகைகள் எட்டு ஒன்பது மாதம்கூடக் கிடக்கும். இந்தியாவில் சீக்கிரம் திரும்புவதும் உண்டு, தாமதமாகத் திரும்புவதும் உண்டு. எது அவற்றை எழுப்புகிறது என்பது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது.

இந்த இரண்டாவது வழியைக் கண்டுபிடிக்க எவ்வளவு காலம் பிடித்தது என்பதையும் சொல்ல வேண்டும். லவெரான் அல்ஜீரியாவில் ரத்தத்துக்குள் ஒட்டுண்ணியைப் பார்த்தது 1880. செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் அதைப் பார்த்தது 1897 ஆகஸ்ட் 20. கல்லீரலில் ஒரு கட்டம் இருக்கிறது என்று ஷார்ட்டும் கார்ன்ஹாமும் காட்டியது 1948. கல்லீரலில் உறங்கும் உருண்டையை க்ரோட்டோஸ்கியும் உடன் வேலை செய்தவர்களும் சாயமேற்றிக் காட்டியது 1980 வாக்கில். நூறு வருடம் தேடியவர்களின் கண்ணுக்கே தப்பிய ஒன்று, காய்ச்சல் விட்ட மனிதருக்குத் தெரியாமல் இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

கல்லீரல் செல்லிலிருந்து மீரோசோயிட்டுகள் சிறு பொட்டலங்களாகப் பிரிந்து ரத்தத்துக்கு வருகின்றன. ஒரு மீரோசோயிட்டின் நீளம் ஒன்றரை மைக்ரான் அளவு. வெளியே அது உயிரோடு இருப்பது சில நிமிடங்கள்தான். அதற்குள் ஒரு சிவப்பணுவைத் தொட்டு, தன் கூர்முனை அணுவின் பக்கம் வரும்படி திரும்பி, இறுக்கமான வளையம் ஒன்றை அமைத்து, அதன் வழியே தன்னைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். நுழைவது அரை நிமிட வேலை. வைவாக்ஸ் எல்லாச் சிவப்பணுவிலும் புகாது. எலும்பு மஜ்ஜையிலிருந்து புதிதாக வந்த இளம் அணுக்களைத்தான் தேடும். அவை ரத்தத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் என்பதால் ஒட்டுண்ணி எண்ணிக்கைக்கும் ஒரு வரம்பு வந்துவிடுகிறது. ஃபால்சிபாரத்துக்கு அப்படி எந்தத் தேர்வும் இல்லை. கிழ அணு, இளம் அணு எல்லாம் ஒன்றுதான். அதனால்தான் அது கட்டுமீறிப் போகிறது.

உள்ளே போனதும் சாப்பாடு ஹீமோகுளோபின். அணுவில் உள்ளதில் பாதிக்கு மேல் தின்றுவிடும். அப்படித் தின்னும்போது இரும்புள்ள ஹீம் என்ற பகுதி மிஞ்சும். அது ஒட்டுண்ணிக்கே விஷம். அந்த விஷத்தைக் கரையாத பழுப்புப் படிகமாகக் கட்டி ஒதுக்கி வைத்துக்கொள்ளும். குளோரோகுவின் வேலை செய்வது சரியாக இந்த இடத்தில்தான். ஒட்டுண்ணியின் இரைப்பையில் அமிலம் அதிகம். மருந்து அங்கே போய்ச் சேர்ந்து, ஹீம் படிகமாகக் கட்டுவதைத் தடுக்கும். தான் தின்ற சாப்பாட்டின் விஷத்திலேயே ஒட்டுண்ணி சாகும். கல்லீரலில் உறங்கும் உருண்டையோ ஹீமோகுளோபின் தின்பதே இல்லை. தின்னாத ஒன்றை இந்த மருந்து கொல்ல வழியில்லை. எத்தனை குளோரோகுவின் போட்டாலும் ஹிப்னோசோயிட் அப்படியே கிடப்பதற்குக் காரணம் இதுதான்.

சிவப்பணுவுக்குள் முதலில் மோதிரம் மாதிரி ஒரு வளையம், பிறகு அமீபா மாதிரி கைகால் நீட்டிய உருவம், கடைசியில் பல துண்டாகப் பிரிந்த சைசாண்ட். வைவாக்ஸில் ஒரு சைசாண்டுக்குள் 12 முதல் 24 வரை மீரோசோயிட்டுகள் இருக்கும். 48 மணி நேரத்தில் அணு வெடிக்கும். குஞ்சுகளோடு பழுப்புப் படிகமும் மற்ற கழிவுகளும் ரத்தத்தில் கொட்டும். அதைப் பார்த்த நம் வெள்ளணுக்கள் ரசாயன எச்சரிக்கைகளை விட, மூளை உடம்பின் வெப்ப அளவை உயர்த்திவிடும். குளிர் நடுக்கம் கால் மணி முதல் ஒரு மணி நேரம், சூடு சில மணி நேரம், அப்புறம் போர்வை நனையும் வியர்வை. வியர்த்த பிறகு ஆள் தெளிந்து உட்கார்ந்திருப்பார். காய்ச்சல் வரும் நேரமும் அணுக்கள் வெடிக்கும் நேரமும் ஒன்றுதான் என்று கோல்ஜி 1886இலேயே காட்டிவிட்டார்.

ஒரு எச்சரிக்கை. ஒருநாள் விட்டு ஒருநாள் என்ற அந்த ஒழுங்கு முதல் வாரத்தில் இருக்காது. ஒட்டுண்ணிகள் ஒரே நேரத்தில் வெடிக்கப் பழக நாளாகும். அதுவரை தினமும் காய்ச்சல் அடிக்கலாம். "முறைக்காய்ச்சலா இல்லையே, அப்ப மலேரியா இருக்காது" என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது தவறு. ஃபால்சிபாரத்தில் பெரும்பாலும் ஒழுங்கே வராது.

மழைக்காலத்தில் இதைவிடப் பெரிய குழப்பம் டெங்கு. ஐப்பசி, கார்த்திகையில் காய்ச்சல் வந்து, பிளேட்லெட் எண்ணிக்கை குறைந்திருந்தால் டெங்கு என்றே முடிவு கட்டிவிடுகிறார்கள். மலேரியாவிலும் பிளேட்லெட் குறையும். வைவாக்ஸிலும் நன்றாகவே குறையும். பிளேட்லெட் பார்க்க எடுத்த ரத்தத்திலேயே ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்துப் பார்த்தால் முடிந்தது. கேட்டு வாங்க வேண்டிய பரிசோதனை இது.

ஸ்லைடு எடுப்பது எளிய வேலை போலத் தெரியும். அது கெட்டுப்போகும் வழிகள் நிறைய. மோதிரவிரலின் ஓரத்தைத் துடைத்து, ஸ்பிரிட் காய்ந்த பிறகு குத்த வேண்டும். ஈரத்தோடு குத்தினால் ரத்தம் பரவிப்போகும். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். ஒரே ஸ்லைடில் இரண்டு படலம். ஒன்று தடித்தது: சொட்டுகளை ஒரு சென்டிமீட்டர் வட்டமாகச் சேர்ப்பது. கீழே செய்தித்தாளை வைத்தால் எழுத்து மங்கலாகத் தெரியும் அளவுக்குத்தான் தடிப்பு இருக்கலாம். அதற்கு மேல் போனால் கழுவும்போது உரிந்து வந்துவிடும். மற்றது மெல்லியது: இன்னொரு ஸ்லைடின் விளிம்பை 45 டிகிரியில் வைத்து ஒரே இழுப்பாக இழுப்பது. மெல்லிய படலத்தை மெத்தனாலில் நனைத்து நிலைப்படுத்த வேண்டும். தடித்த படலத்தில் மெத்தனால் படவே கூடாது. பட்டால் சிவப்பணுக்கள் கரையாமல் நின்று ஒட்டுண்ணியை மறைத்துவிடும்.

கடற்கரையில் இரண்டு தொல்லை கூடுதல். ஒன்று, உப்புக்காற்றின் ஈரத்தில் தடித்த படலம் காய நேரமாகும். அவசரப்பட்டு விளக்குச் சூட்டில் காட்டினால் அதுவும் மெத்தனால் செய்த கெடுதலையே செய்யும். இன்னொன்று தண்ணீர். ஜீம்சா சாயத்தைக் கலக்கும் நீரின் பி.எச். அளவு 7.2இல் இருக்க வேண்டும். ஊர்க் கிணற்று உப்புத்தண்ணீரில் கலந்தால் சாயம் சரியாக ஏறாது, வைவாக்ஸின் அடையாளமான மெல்லிய இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரியாமல் போய்விடும். வாலைவடி நீரில் பஃபர் மாத்திரை போட்டுத்தான் கலக்க வேண்டும்.

நன்றாக வந்த ஸ்லைடை எண்ணெய் லென்ஸில் ஆயிரம் மடங்காகப் பார்த்தால், வைவாக்ஸ் புகுந்த சிவப்பணு பக்கத்து அணுக்களைவிட ஒன்றரை மடங்கு உப்பியிருக்கும். வெளிறிப்போய், மேலே அந்தப் புள்ளிகள் பொடியாகத் தூவியிருக்கும். உள்ளே நீலச் சாறு, சிவப்புக் கரு, நடுவில் பழுப்புப் படிகத் துகள். ஃபால்சிபாரமாக இருந்தால் அணு உப்பாது. மெல்லிய வளையங்கள் மட்டும், சில நேரம் ஒரே அணுவில் இரண்டு மூன்று.

லென்ஸில் ஒரு நேரத்தில் தெரியும் வட்டத்துக்குப் புலம் என்று பெயர். குறைந்தது 100 புலங்களைப் பார்த்த பிறகே இல்லை என்று சொல்லலாம். எண்ணிக்கை வேண்டுமானால், 200 வெள்ளணுக்களை எண்ணும்வரை எத்தனை ஒட்டுண்ணி வருகிறது என்று பார்த்து, அதை 40ஆல் பெருக்குவார்கள். ஒரு மைக்ரோலிட்டரில் 8,000 வெள்ளணு என்று வைத்துக்கொள்ளும் கணக்கு இது. சாதாரணமாக ஒரு ஆய்வுக்கூடம் தவறவிடாமல் பிடிப்பது மைக்ரோலிட்டருக்கு 50 ஒட்டுண்ணி என்ற அளவில். 5 லிட்டர் ரத்தத்துக்கு அதைக் கணக்குப் போட்டால் 25 கோடி. அதாவது உடம்பில் கோடிக்கணக்கில் இருந்தும் ஸ்லைடில் "இல்லை" என்று வரலாம். காய்ச்சல் தொடர்ந்தால் மறுநாளும் அதற்கு மறுநாளும் திரும்ப எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

பட்டையில் கோடு விழும் உடனடிச் சோதனை அவசரத்துக்கு நல்லது. ஆனால் ஃபால்சிபாரத்துக்கு அது தேடும் புரதம், ஒட்டுண்ணி செத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் ரத்தத்தில் இருக்கும். குணமானவருக்கு மறுபடி பட்டை வைத்துக் கோடு விழுந்ததைப் பார்த்து மருந்து கேட்கவில்லை என்று பயப்பட வேண்டாம். அதற்கு ஸ்லைடுதான் சாட்சி.

ஃபால்சிபாரம் ஏன் கொல்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். அது புகுந்த சிவப்பணுவின் மேல் சிறு முடிச்சுகள் எழும்பும். அவற்றில் ஒட்டும் புரதம் ஒன்று இருக்கிறது. அந்தப் புரதத்துக்குச் சுமார் 60 வேறு வேறு வடிவங்களை ஒட்டுண்ணி தன் மரபணுவில் வைத்திருக்கிறது. நம் எதிர்ப்பாற்றல் ஒன்றைக் கண்டுகொண்டால் இன்னொன்றுக்கு மாறிவிடும். இந்த முடிச்சுகளால் அணுக்கள் நுண்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு, மண்ணீரல் வழியாகப் போகாமல் தப்பிக்கும். மூளையில் ஒட்டினால் நினைவு தப்பும், வலிப்பு வரும். கர்ப்பிணிக்கு நஞ்சுக்கொடியில் போய் ஒட்டும். முதிர்ந்த வடிவங்கள் இப்படி உள்ளே ஒட்டிக்கிடப்பதால்தான் விரல் ரத்தத்தில் இளம் வளையங்கள் மட்டும் தெரிகின்றன. ஸ்லைடில் குறைவாகத் தெரிந்தாலும் உடம்பில் அதிகம் இருக்கக்கூடும். காய்ச்சலோடு பிதற்றல், மூச்சிரைப்பு, மஞ்சள்காமாலை, சிறுநீர் குறைவது, நிற்காத வாந்தி என்று எது வந்தாலும் அது வாய்வழி மாத்திரைக்கான நேரம் கடந்த நிலை. ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோய், ஆர்ட்டிசுனேட் ஊசி போட வேண்டும். கேரளா, கர்நாடகம், கோவா, குஜராத் கடற்கரைகளுக்குத் தொழிலுக்குப் போய்விட்டு வருபவர்கள் காய்ச்சலோடு வந்தால், போன ஊரின் பெயரை மருத்துவரிடம் கேட்காமலே சொல்ல வேண்டும்.

இனி கொசுவுக்குத் திரும்பும் வழி. ரத்தத்தில் உள்ள ஒட்டுண்ணிகளில் ஒரு சிறு பங்கு, வெடிக்காமல் ஆணாகவும் பெண்ணாகவும் மாறும். இவை கேமட்டோசைட்டுகள். இவை காய்ச்சல் தருவதில்லை, கொசுவுக்குள் போகக் காத்திருப்பவை. ஃபால்சிபாரத்தில் இவை எலும்பு மஜ்ஜைக்குள் பத்துப் பன்னிரண்டு நாள் முதிர்ந்து, வாழைப்பழ வடிவில் வெளியே வரும். வைவாக்ஸிலோ காய்ச்சல் தொடங்கும்போதே, சில நேரம் அதற்கு முன்பே, ரத்தத்தில் வந்துவிடும். ஆள் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே திண்ணையில் படுத்திருக்கும்போது கடித்த கொசுவுக்கு நோயைக் கொடுத்திருப்பார். வைவாக்ஸை ஒரு ஊரிலிருந்து விரட்டுவது ஃபால்சிபாரத்தை விரட்டுவதைவிடக் கடினமாக இருப்பதற்கு இதுவும், உறங்கும் உருண்டையும்தான் காரணம்.

கொசுவின் வயிற்றுக்குள் போனதும் சூடு குறைகிறது, சூழல் மாறுகிறது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஆண் செல் வெடித்துச் சாட்டை போன்ற 8 விந்தணுக்களை வீசும். லவெரான் 1880இல் லென்ஸில் துடிக்கக் கண்டது இதைத்தான். கருவுற்றது ஒரு நாளுக்குள் ஊர்ந்துபோய் வயிற்றுச் சுவரின் வெளிப்பக்கம் கட்டியாக உட்காரும். அதற்குள் ஆயிரக்கணக்கான ஸ்போரோசோயிட்டுகள் வளர்ந்து, கட்டி உடைந்து எச்சில் சுரப்பிக்குப் போகும். இதற்கு எத்தனை நாள் என்பது வெயிலைப் பொறுத்தது. 28 டிகிரியில் 8 முதல் 10 நாள். 20 டிகிரியில் வைவாக்ஸுக்கே 19 நாள் போல ஆகும். அத்தனை நாள் பிழைத்திருக்கும் கொசு குறைவு. நம் கரையில் மார்கழி, தையில்கூட ராத்திரிச் சூடு 20 டிகிரிக்குக் கீழே போவது அரிது. கடல்காற்றின் ஈரம் கொசுவின் ஆயுளையும் நீட்டும். இங்கே மலேரியாவுக்கு ஓய்வுகாலம் இல்லை என்பதற்கு இதுதான் காரணம்.

உப்புக்கடல் சூழ்ந்த இடத்தில் நல்ல தண்ணீர்க் கொசு எப்படி என்று கேட்கலாம். ராமேசுவரம் தீவின் மணலுக்கு அடியில், உப்புநீருக்கு மேலே மழைத் தண்ணீர் ஒரு படலமாக மிதந்து நிற்கிறது. தனுஷ்கோடியில் கையால் மணலைத் தோண்டிக் குடிநீர் எடுப்பது அந்தப் படலத்திலிருந்துதான். சவுக்குக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றத் தோப்புக்குள் ஆங்காங்கே தோண்டும் ஆழமில்லாத குழிகளில் அதே தண்ணீர் ஊறி நிற்கும். தெளிந்த, வெயில் படுகிற, மீன் இல்லாத தண்ணீர். கிராமப்புற மலேரியாவின் முக்கியக் கொசுவான அனோபிலஸ் குலிசிஃபேசிஸ் விரும்புவது இதையே. ஊருக்குள் மாடிவீடுகளில் மூடாத மேல்நிலைத் தொட்டி, தரைத்தொட்டி, கிணறு இவற்றில் வளர்வது அனோபிலஸ் ஸ்டீபன்சி.

குழியில் புழு இருக்கிறதா என்று பார்க்க ஒரு வெள்ளைக் கரண்டி போதும். நிழல் தண்ணீரில் விழாதபடி வெயிலைப் பார்த்து நில்லுங்கள். நிழல் பட்டால் புழு கீழே போய்விடும். போனால் இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் இருந்தால் மேலே வரும். ஓரத்தில், புல் தொடும் இடத்தில் கரண்டியைச் சாய்த்து இறக்கி மெதுவாக மொள்ள வேண்டும். மற்ற கொசுப் புழுக்கள் வால்குழாயை மேலே வைத்துத் தலைகீழாகத் தொங்கும். அனோபிலஸ் புழுவுக்கு அந்தக் குழாய் கிடையாது. நீர்மட்டத்தோடு ஒட்டி, சிறு குச்சி போலக் கிடையாகப் படுத்திருக்கும். அப்படிக் கிடந்தால் சுகாதார ஆய்வாளரிடம் சொல்ல வேண்டிய குழி அது.

முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள். அதனால் தொட்டியை வாரம் ஒருமுறை வடித்து, பக்கச்சுவரைத் தேய்த்துக் கழுவினால் சுழற்சி அறுந்துவிடும். மூடியில் விரலளவு இடைவெளி இருந்தாலே கொசு போய்விடும். காற்றுக்குழாய் வாயில் வலைத்துணி கட்ட மறந்துவிடுவார்கள், அதுதான் அதிகம் தவறும் இடம். பயன்பாட்டில் இல்லாத குழியை மணல் தள்ளி மூடுவதே நல்லது. கிணற்றில் கம்பூசியா மீன் விடலாம். ஆனால் கண்மாய், ஊருணியில் விட வேண்டாம், நாட்டு மீன்குஞ்சுகளைத் தின்றுவிடும். இந்தக் கொசுக்கள் ராத்திரியில் கடிப்பவை. வெக்கைக்குப் பயந்து வாசலிலும் மணலிலும் படுப்பவர்களுக்கு நான்கு கம்பு நட்டுக் கட்டிய மருந்து வலைதான் காப்பு. அந்த வலையை அடிக்கடி துவைக்கக் கூடாது, நிழலில்தான் உலர்த்த வேண்டும், வெயில் மருந்தைக் கெடுக்கும்.

மாத்திரைக்கு வருவோம். 60 கிலோ எடையுள்ள பெரியவருக்கு, 150 மில்லிகிராம் குளோரோகுவின் மாத்திரை முதல் நாள் 4, இரண்டாம் நாள் 4, மூன்றாம் நாள் 2. வெறும் வயிற்றில் போட்டால் வாந்தி வரும். போட்ட அரை மணிக்குள் வாந்தியில் போய்விட்டால் அந்த வேளையை முழுதாகத் திரும்பக் கொடுக்க வேண்டும். கல்லீரலில் உறங்கும் உருண்டைகளைக் கொல்வதற்குத்தான் பிரைமாகுவின். அது தினம் 15 மில்லிகிராம், 14 நாள். கணக்கில் நாளைவிட மொத்த அளவுதான் முக்கியம். கிலோவுக்கு 3.5 மில்லிகிராம் போய்ச் சேர வேண்டும், அதாவது இவருக்கு 210. ஐந்தாம் நாளில் நிறுத்தினால் போனது வெறும் 75. உறங்கும் உருண்டைகளில் பல தப்பிவிடும்.

குளோரோகுவின் உடம்பில் வாரக்கணக்கில் தங்கும். முதல் மாதத்தில் விழித்து வரும் ஒட்டுண்ணிகளை அந்த மிச்ச மருந்தே அடக்கிவிடும். அது கரைந்த பிறகு, ஒன்றரை இரண்டு மாதத்தில் காய்ச்சல் திரும்பும். மருந்தை நிறுத்தியதற்கும் இந்தக் காய்ச்சலுக்கும் சம்பந்தம் இருப்பதாக யாருக்கும் தோன்றாமல் போவது இந்த இடைவெளியால்தான்.

கடலுக்குப் போகிறவர் அட்டையையும் கொண்டுபோக வேண்டும். சாப்பிட்ட பிறகு போடும் மாத்திரைதான், படகில் சோறு பொங்கும்போது போட்டுக்கொள்ளலாம். உப்பு ஈரம் படாமல் மூடி இறுகிய டப்பாவில் வைத்தால் போதும். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. ஒரு நாளைக் கூட்டி முடித்துக்கொண்டு, கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லிவிட வேண்டும். படகுக்காரர் ஒருவரின் 14 நாளை வீட்டில் அக்காவோ மதினியோ காலண்டரில் கோடிட்டுப் பார்ப்பது, நாம் எழுதும் எந்தச் சுவரொட்டியைவிடவும் வேலை செய்யும்.

பிரைமாகுவினில் ஒரு ஆபத்து உண்டு. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு இந்த மருந்து சிவப்பணுக்களை உடைக்கும். எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் ஆண்களிடம் அதிகம் வெளிப்படும். தொடங்கும் முன் சோதித்துப் பார்ப்பதே முறை. மருந்து போடும் நாட்களில் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ, படியேறும்போது மூச்சு வாங்கினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நொதி குறைவு என்று தெரிந்தவர்களுக்கு வாரம் ஒருமுறை என்று 8 வாரத்துக்கு, மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்கும் முறை இருக்கிறது.

ஃபால்சிபாரத்துக்கு ஆர்ட்டெமிசினின் கூட்டு மருந்து 3 நாள், பிரைமாகுவின் ஒரே ஒரு வேளை. கல்லீரலில் உறங்க ஆள் இல்லாததால் 14 நாள் வேண்டாம். அந்த ஒரு வேளையும் நோயாளிக்காக இல்லை. வாழைப்பழ வடிவக் கேமட்டோசைட்டுகளைக் கொன்று, பக்கத்து வீட்டுக்காரருக்குப் போகாமல் தடுப்பதற்காக.

கர்ப்பிணிக்குப் பிரைமாகுவின் கொடுப்பதில்லை, வயிற்றுக் குழந்தையின் நொதி நிலை தெரியாது என்பதால். கைக்குழந்தைக்கும் இல்லை. வைவாக்ஸ் வந்த கர்ப்பிணிக்கு முதலில் குளோரோகுவின் 3 நாள் முழுதாகக் கொடுத்துவிட்டு, பிறகு வாரம் ஒருமுறை அதே மருந்தைப் பிரசவம் வரை கொடுத்து, விழித்து வரும் ஒட்டுண்ணிகளை ரத்தத்திலேயே அடக்கிவைக்கலாம். உருண்டைகளை ஒழிக்கும் மருந்தைப் பிரசவத்துக்குப் பிறகு மருத்துவர் பார்த்துத் தொடங்குவார். ரத்தம் ஏற்றியதால் வைவாக்ஸ் வந்தவருக்கோ, பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்த குழந்தைக்கோ பிரைமாகுவின் தேவையே இல்லை. அவர்கள் உடம்புக்குள் ஸ்போரோசோயிட் போகவில்லை, போனவை ரத்தக் கட்ட ஒட்டுண்ணிகள் மட்டும். அவை கல்லீரலுக்குத் திரும்பிப் போவதில்லை. குளோரோகுவின் 3 நாளோடு முடிந்துவிடும்.